பிடித்த பாடல் இருக்கட்டும், இப்போது கேட்கும் தொகுப்பு எது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில், வாசகர்கள் தங்களுக்கு மிகவும் பிடித்த பத்துப் பாடல்களைப் பட்டியலிட்டு எழுதும் பகுதியைத் தொடர்ந்து படித்து வருகிறேன். அவற்றில் வரும் பாடல்கள் எவற்றையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வாரந்தோறும் ஏறக்குறைய அதே பாடல்கள்தாம் திரும்பத் திரும்ப வருகின்றன என்பதையும், எழுதுபவரின் வயது தெரிந்துவிட்டால் அவருடைய பட்டியலில் பாதியை நாமே முன்கூட்டிச் சொல்லிவிட முடிகிறது என்பதையும் தாங்களும் கவனித்திருப்பீர்கள். அந்தப் பகுதியை நிறுத்துமாறு நான் கேட்கவில்லை. அதன் பக்கத்திலேயே, அல்லது மாதத்தில் ஒரு வாரமேனும் அதற்குப் பதிலாக, 'இந்த வாரம் நீங்கள் முதலிலிருந்து கடைசிவரை கேட்ட இசைத்தொகுப்பு எது, அதில் என்ன கேட்டீர்கள்?' என்ற ஒரே கேள்வியை வாசகர்களிடம் வைத்து, வரும் பதில்களில் சிலவற்றை வெளியிட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

பிடித்த பாடல் எது என்று கேட்டால் பெரும்பாலோர் தம்மைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். கல்லூரி நாட்கள் வருகின்றன, பேருந்துப் பயணம் வருகிறது, முதல் காதல் வருகிறது, பாட்டு மட்டும் ஓரமாக நின்றுகொள்கிறது. போதாக்குறைக்கு, பட்டியல் என்று வந்துவிட்டாலே யார் பெரியவர் என்ற வழக்கும் கூடவே வந்துவிடுகிறது. இளையராஜாவா ரஹ்மானா என்று தேநீர்க் கடையில் தொடங்கிய வாதம் தங்கள் வாசகர் பக்கத்திலும் பல வாரங்கள் நடந்து, யாரும் யாரையும் மாற்ற முடியாமல் ஓய்ந்ததை நாம் பார்த்தோம். ஆனால் ஒருவர் இந்தச் செவ்வாய்க்கிழமை இரவு எதைக் கேட்டார் என்பதோடு யாரும் சண்டையிட முடியாது. அது தீர்ப்பன்று, வெறும் தகவல். அந்தத் தகவலைச் சொல்லும்போது மனிதர் தம்மை மறந்து, காதில் விழுந்ததைச் சொல்லத் தொடங்குகிறார் என்பதை நண்பர்கள் கூடிப் பேசும் இடங்களில் நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன்.

இது நமக்குப் புதிய பழக்கமும் அன்று. இலங்கை வானொலியின் நேயர் விருப்பத்தைக் கேட்டு வளர்ந்த தலைமுறை தென் மாவட்டங்களில் இன்னும் இருக்கிறது. பாடல் தொடங்குமுன் படத்தின் பெயர், பாடியவர், இயற்றியவர், இசையமைத்தவர் என்று வரிசையாகச் சொல்லி, அதை விரும்பிக் கேட்டவர்களின் பெயர்களையும் ஊர்களையும் அறிவிப்பாளர் நிதானமாக வாசிப்பார். அந்த ஊர்ப் பெயர்களுக்காகவே வானொலியின் பக்கத்தை விட்டு நகராதவர்கள் உண்டு. கடல் கடந்து ஒலித்த அந்தப் பட்டியல், நம்மைப் போலவே இன்னொருவரும் இதைக் கேட்கிறார் என்ற செய்தியைத் தந்தது. பின்னர் கேசட் காலத்தில் அதே வேலையைப் பாட்டுப் பதிவு செய்து தரும் கடைகள் செய்தன. அறுபது நிமிடமோ தொண்ணூறு நிமிடமோ ஓடும் வெற்று நாடாவையும், பாடல்களை எழுதிய தாளையும் கொடுத்துவிட்டு வந்தால், ஒரு வாரத்தில் பதிவு ஆகிவிடும். கடைக்காரர் முந்தைய வாடிக்கையாளரின் தாளைக் காட்டி, 'இதையும் கேட்டுப் பாருங்கள்' என்பார். ஊரில் யார் எதைக் கேட்கிறார்கள் என்பது அவர் ஒருவருக்குத் தெரிந்திருந்தது. இன்று அது தொலைபேசியில் பாட்டுத் தரும் நிறுவனங்களின் கணினிகளுக்குத் தெரியும்; நமக்குத் தெரியாது.

'முதலிலிருந்து கடைசிவரை' என்று நான் வலியுறுத்துவதற்குத் தனிக் காரணம் உண்டு. 'ஆயர்பாடி மாளிகையில்' என்ற பாடலை அறியாத தமிழர் அரிது. எஸ். பி. பாலசுப்ரமணியம் பாடிய அந்தத் தாலாட்டு கோவில் ஒலிபெருக்கியிலும், குழந்தைக்குப் பெயர் சூட்டும் வீட்டிலும், கிருஷ்ண ஜெயந்தி அன்று எல்லா வானொலி நிலையங்களிலும் ஒலிக்கிறது. 'புல்லாங்குழல் கொடுத்த மூங்கில்களே' என்று டி. எம். சௌந்தரராஜன் பாடியதும் அப்படியே. ஆனால் இவ்விரண்டும் கண்ணதாசன் எழுதி, எம். எஸ். விஸ்வநாதன் இசையமைத்த 'கிருஷ்ண கானம்' என்ற ஒரே தொகுப்பின் பகுதிகள் என்பதையும், திரைப்படம் எதுவும் இல்லாமல், இயக்குநர் சொன்ன சூழலும் நடிகரின் உதட்டசைவும் இல்லாமல், கவிஞரும் இசையமைப்பாளரும் தங்கள் விருப்பப்படி செய்த வேலை அது என்பதையும் எத்தனை பேர் அறிவார்கள்? இரண்டு பாடல்களும் தனித்தனியே புகழ் பெற்றுவிட்டன. அவற்றோடு பிறந்த மற்றப் பாடல்கள் அந்தப் புகழின் நிழலில் கிடக்கின்றன. வரிசையாகக் கேட்கும்போதுதான், படத்துக்கு எழுதும்போது கதாநாயகனின் குரலுக்குள் நிற்க வேண்டியிருந்த கண்ணதாசன், இங்கே பாட்டுக்குப் பாட்டு தம் பக்தியின் தொனியை எப்படி மாற்றிப் பார்க்கிறார் என்பது புலப்படுகிறது.

இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. 1986இல் வெளிவந்து, தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்ட அந்தத் தொகுப்பில் வி. எஸ். நரசிம்மனின் வயலின்தான் நடுநாயகம். பத்துப் பகுதிகள் கொண்ட அதில் ஏழாவதன் தலைப்பு, என் வீட்டில் பாக்கைச் சந்தித்தேன் என்ற பொருள் தருவது. எட்டாவது, பிறகு நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம் என்று தொடர்வது. ஏழாவதில் பாக் தனி வயலினுக்காக எழுதிய ஈ மேஜர் பார்ட்டிடா என்ற இசைத்தொடரின் முன்னிசை வருகிறது; அதைச் சுற்றி இளையராஜா தம் தந்திக் கருவிகளை ஓட விடுகிறார். விருந்தாளி வாசற்படி ஏறுவதை நாம் கேட்டுவிடுகிறோம். எட்டாவதில் உரையாடல் நடக்கிறது. இந்தத் தொகுப்பைத் தொலைபேசியில் 'கலைத்துப் போடு' என்ற பொத்தானோடு கேட்பவருக்கு, விருந்தாளி வருவதற்கு முன்பே பேச்சு முடிந்துவிடக்கூடும். இவற்றுக்கு முன்னே ஆறாவதாகத் தியாகராஜரை வரவேற்கும் பகுதி ஒன்று நிற்பதையும், இரண்டு பெரியவர்களையும் வரவேற்று முடித்த பிறகு ஒப்பிடாதே என்ற பொருளில் ஒரு தலைப்பு ஒன்பதாவதாக வருவதையும் கவனித்தால், வரிசையே ஒரு வாதத்தைச் சொல்வதை உணரலாம். தனித்தனியே கேட்பவர் அந்த வாதத்தை ஒருபோதும் கேட்க மாட்டார்.

சில இசைக்கு நேரம்தான் உடல். நம் இசையையும் ஜாஸையும் இணைத்து வாசித்த 'சக்தி' குழுவின் முதல் இசைத்தட்டு 1975இல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு கல்லூரியில் நடந்த நேரடிக் கச்சேரியின் பதிவு. மறு ஆண்டு வெளிவந்தது. அதில் மொத்தமே மூன்று உருப்படிகள்தாம். அவற்றில் ஒன்று இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. ஏறக்குறைய அரை மணி நேரம். ஜான் மெக்லாக்லினின் கித்தாரும், எல். சங்கரின் வயலினும், ஜாகிர் உசேனின் தபலாவும், நம் டி. எச். விநாயக்ராமின் கடமும், ராமநாதபுரம் வி. ராகவனின் மிருதங்கமும் ஒன்றையொன்று துரத்திப் பிடித்து, களைத்து, மீண்டும் எழும் அந்த அரை மணியில் இருபது விநாடியை எடுத்துக் கைப்பேசியில் பரிமாறிக்கொண்டால் பெறுபவருக்கு வேகம் மட்டுமே கிடைக்கும். அந்த வேகத்துக்கு அவர்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பது கிடைக்காது. அதே குழுவின் பெயரில் 2023இல் வெளிவந்த 'திஸ் மொமென்ட்' 2024 பிப்ரவரியில் கிராமி விருது பெற்றபோது நம் நாளிதழ்கள் அனைத்தும் முதல் பக்கத்தில் மகிழ்ந்தன. விருதைப் பற்றி எழுதப்பட்ட அளவில் பத்தில் ஒரு பங்காவது அந்தத் தொகுப்பில் என்ன வாசிக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பற்றி எழுதப்பட்டதாக எனக்கு நினைவில்லை. முதல் தட்டில் விநாயக்ராம், இந்தத் தட்டில் அவர் மகன் வி. செல்வகணேஷ், இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரு குடும்பத்தின் தாளக் கணக்கு அரை நூற்றாண்டில் எங்கே மாறியது, எங்கே மாறவில்லை என்பது காதுக்கே தெரிகிறது. ஜாகிர் உசேன் 2024 டிசம்பரில் மறைந்த பிறகு, இரண்டு தட்டுகளிலும் இருக்கும் அவருடைய கையைக் கேட்பது வேறு விதமாகவும் இருக்கிறது. இதையெல்லாம் எழுத வாசகர்கள் காத்திருக்கிறார்கள் என்றே நம்புகிறேன், எழுதச் சொல்லி அவர்களிடம் கேட்பவர்தாம் இல்லை.

நீளமாகக் கேட்பதற்கு இன்று யாருக்குப் பொறுமை இருக்கிறது என்று தாங்கள் கேட்கலாம். நம் மக்களின் பொறுமையை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். 'திருவிளையாடல்' படத்தின் வசனத்தை இசைத்தட்டாகத் திருவிழாப் பந்தலில் போட்டபோது, படம் கண்ணில் தெரியாமலேயே முழுவதும் உட்கார்ந்து கேட்டு, தருமியின் புலம்பலை எழுத்துப் பிசகாமல் சொன்ன ஊர் இது. 'விதி' படத்தின் நீதிமன்றக் காட்சி கேசட்டாக ஓடாத தேநீர்க் கடை எண்பதுகளில் குறைவு. கந்த சஷ்டி கவசத்தைச் சூலமங்கலம் சகோதரிகளின் குரலில் இடையில் நிறுத்தாமல் இன்றும் நாள்தோறும் கேட்கும் வீடுகள் இலட்சக்கணக்கில் இருக்கும். பழக்கம் இருக்கிறது; அதைப் பக்திக்கும் வசனத்துக்கும் அப்பால் நீட்டுவதற்கு ஒரு தூண்டுதல்தான் தேவைப்படுகிறது.

கர்நாடக இசைக்கு இந்தப் பகுதியால் தனி நன்மை விளையும். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் இடம் இருந்தது. நாகஸ்வர மேதை டி. என். ராஜரத்தினம் பிள்ளை தம் தோடி ராக ஆலாபனையை அந்த அளவுக்குள் சுருக்கி இரண்டு பக்கங்களில் வாசித்ததை இன்று ஒரே கோப்பாக ஒட்டித் தருகிறார்கள். இடையில் தட்டைத் திருப்ப வேண்டியிருந்தது என்பதைத் தெரிந்து கேட்பவருக்கு, முதல் பக்கத்தின் முடிவில் அவர் எங்கே போய் நிற்கிறார், மறுபக்கத்தில் எங்கிருந்து எழுகிறார் என்பது பெரிய வியப்பு. அதன்பின் பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும் நெடுந்தட்டு (எல்.பி.) வந்தது. அதனால்தான் 1963இல் எம். எஸ். சுப்புலட்சுமி அம்மாளின் குரலில் வேங்கடேச சுப்ரபாதம் முழுமையாக வீடுகளுக்கு வர முடிந்தது. அவருடைய 'பஜ கோவிந்தம்' பதிவின் தொடக்கத்தில் ராஜாஜி தம் குரலில் ஆங்கிலத்தில் ஒரு சிறு முன்னுரை சொல்கிறார். பாட்டு எப்போது வரும் என்று அதைத் தள்ளிவிட்டுப் போகிறவர்கள் மிகப் பலர். முதுமையில் தளர்ந்த அந்தக் குரல் அறிவும் பக்தியும் ஒன்றே என்று வாதாடி முடிக்கும் இடத்தில் தம்பூராவோடு அம்மாளின் குரல் புறப்படுவதைக் கேட்டவர்கள், பிறகு ஒருபோதும் அதைத் தள்ள மாட்டார்கள். அன்னமாசாரியரின் கீர்த்தனைகளுக்காகவே அம்மாளின் ஐந்து தட்டுகள் கொண்ட பாலாஜி பஞ்சரத்ன மாலையைப் பொறுமையாகக் கேட்டு முடித்த வாசகர் எவரேனும் எழுதினால், நான் முதல் ஆளாகப் படிப்பேன்.

தொலைபேசி வழியாக இசை கேட்பதை நான் எதிர்ப்பவன் அல்லேன். எங்கள் ஊர்க் கடைகளுக்கு ஒருநாளும் வராத தொகுப்புகளை அது வீட்டுக்குள் கொண்டு வந்திருக்கிறது. அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அங்கே கர்நாடகக் கச்சேரிப் பதிவு ஒன்றைத் திறந்தால் பாடியவர் பெயர் இருக்கும். வயலின் யார், மிருதங்கம் யார் என்பது பல நேரம் இராது. ஆண்டு என்று போட்டிருப்பது மறுபதிப்பின் ஆண்டாக இருக்கும். திரைப்பாடலாக இருந்தால் நடிகரின் முகம் பெரிதாகத் தெரியும். பாடலாசிரியரைத் தேடிப்பிடிக்க வேண்டும். கேசட்டின் உள்தாளில் பொடி எழுத்தில் இருந்த தகவல்கள் இவை. ரஹ்மானின் கேசட்டுகளில் புல்லாங்குழல் நவீன், பேஸ் கித்தார் கீத் பீட்டர்ஸ் என்று வாத்தியக்காரர்களின் பெயர்களைக் கண்டு மகிழ்ந்த தலைமுறை ஒன்று உண்டு. இந்தப் பெயர்களை மீண்டும் அச்சில் பார்க்க வைப்பதற்கு, கேட்பவர்களே எழுதுவதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியவில்லை.

திரைப்படத் தொகுப்புகளையும் சேர்த்துக்கொள்ளலாமா என்ற ஐயம் எழும். தாராளமாகச் சேர்க்கலாம். அவற்றை விலக்கினால் தமிழில் பாதிக்குமேல் விலகிவிடும். ஆனால் அவற்றையும் ஒரே பாட்டுக்காகத் திறந்து மூடாமல் வரிசையாகக் கேட்க வேண்டும் என்று சொல்லலாம். 1985இல் வந்த 'சிந்து பைரவி'யில் 'பாடறியேன்' பாடலுக்காகச் சித்ராவுக்குத் தேசிய விருது கிடைத்தது எல்லாருக்கும் தெரியும். அந்தப் பாடல் நாட்டுப்புறப் பேச்சில் தொடங்கித் தியாகராஜரின் 'மரி மரி நின்னே'யில் போய் இணைகிறது. காம்போதி ராகத்தில் பாடப்பட்டு வந்த கீர்த்தனையை இளையராஜா சாரமதி ராகத்தில் அமைத்தார் என்பதால் அன்று எழுந்த முணுமுணுப்பும் பலருக்கு நினைவிருக்கும். (முணுமுணுத்தவர்களில் சிலர் பிற்பாடு அதையே சிலாகித்தார்கள் என்பது வேறு கதை.) அதே தொகுப்பில் யேசுதாஸ் பாடியவற்றை முன்னும் பின்னும் வைத்துக் கேட்டால்தான் மேடைப் பாட்டுக்கும் மக்கள் பாட்டுக்கும் நடக்கும் வழக்கு முழுமையாக விளங்கும்.

2005இல் வெளிவந்த 'திருவாசகம்' பற்றியும் ஒரு சொல். புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவோடு இளையராஜா பதிவு செய்த அந்தத் தொகுப்பில் 'பொல்லா வினையேன்' மட்டும் ஏறத்தாழ இருபது நிமிடம் ஓடுகிறது. வெளியான நாட்களில் மாணிக்கவாசகரோடு ஆங்கில வரிகளைக் கலந்தது சரியா என்ற விவாதம் பத்திரிகைகளை நிறைத்தது. விவாதத்தில் கலந்துகொண்டவர்களில் எத்தனை பேர் அந்த இருபது நிமிடத்தை ஒரே மூச்சில் கேட்டிருப்பார்கள் என்ற சந்தேகம் எனக்கு அன்றே உண்டு. 'புல்லாகிப் பூடாய்' என்று பிறவிகள் ஒவ்வொன்றாக ஏறிவரும் இடத்தில் குரல்களும் வாத்தியங்களும் என்ன செய்கின்றன என்பதை, ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் விரிவாக எழுதவில்லை. இப்போது எழுதலாம்.

இளைய வாசகர்கள் இப்பகுதியைப் பெரியவர்களின் நினைவுத் திண்ணை என்று எண்ணி ஒதுங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது தங்கள் பொறுப்பு. கானாவையும் பறையையும் ராப்பையும் சேர்த்து 2018இல் மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' பற்றியும், திரைப்பாடல்களால் நமக்கு அறிமுகமான சித் ஸ்ரீராம் 2023இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'சித்தார்த்' பற்றியும், இலண்டனில் பிறந்த சுசீலா ராமன் 2001இல் கீர்த்தனைகளை வேறொரு தாளக்கட்டில் பாடிய 'சால்ட் ரெய்ன்' பற்றியும் அவர்கள்தாம் நமக்குச் சொல்ல வேண்டும். மேலைநாட்டு ராக், ஜாஸ் தொகுப்புகளைக் கேட்பவர்களும் இங்கே குறைவில்லை. மொழி, வகை, காலம் என்ற எல்லை எதுவும் வேண்டாம்.

நடைமுறைக்காகச் சில யோசனைகள் மட்டும். பதில் நூறு சொற்களுக்கு மிகாமல் இருக்கட்டும். தொகுப்பின் பெயர், வெளிவந்த ஆண்டு, பங்கேற்ற முதன்மைக் கலைஞர்கள், தட்டிலா, கேசட்டிலா, தொலைபேசியிலா எதில் கேட்டார் என்ற விவரம் ஆகியவை கட்டாயம் வேண்டும். 'அற்புதம்', 'தெய்விகம்' போன்ற சொற்களோடு நின்றுவிடும் கடிதங்களைத் தாங்கள் தயங்காமல் கழித்துவிடலாம். எந்த இடத்தில், எந்த வாத்தியம், எப்படி என்று சொல்பவருக்கே முன்னுரிமை தர வேண்டும். கேட்டு ஏமாந்ததாகச் சொல்லும் கடிதங்களும் வரட்டும். அரிய தட்டு தம்மிடம் இருக்கிறது என்று பறைசாற்றுவதற்காகவே எழுதுபவர்களும் வருவார்கள். அவர்களைத் தடுக்க இயலாது, ஆனால் தட்டின் விலையைக் குறிப்பிட அனுமதிக்காவிட்டால் பாதிப் பேர் குறைந்துவிடுவார்கள். பகுதியின் அடியில் இரண்டு வரி இடம் விட்டு, பழைய பதிவொன்றில் வீணையோ வயலினோ வாசித்தவர் யார் என்று தெரியாதவர் கேட்கவும், தெரிந்தவர் அடுத்த வாரம் பதில் சொல்லவும் வழி செய்தால், எந்த நிறுவனத்தின் பட்டியலிலும் இல்லாத விவரங்கள் சிறிது சிறிதாகத் தங்கள் பக்கத்தில் சேரும்.

தாங்கள் இசைவு தெரிவித்தால், முதல் வாரத்துக்கு 'கிருஷ்ண கானம்' பற்றி நூறு சொற்களில் எழுதி அனுப்பச் சித்தமாக இருக்கிறேன். வேறொருவர் அதை முந்தி எழுதிவிட்டால் 'சக்தி'யின் முதல் தட்டை எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி.